பெட்டி கிடக்கட்டும், முதலில் வீட்டைக் கவனியுங்கள்: ஐந்து மாதம் அமெரிக்கா கிளம்பும் முன்

எங்கள் தெருவில் யார் வீட்டுக்காவது "அம்மா, டிக்கெட் போட்டாச்சு" என்று வெளிநாட்டுப் போன் வந்தால், மறுநாளே என்னிடம் வந்து கேட்பது ஒரே கேள்விதான்: "பெட்டியில என்னென்ன வைக்கணும்?" இரண்டு தடவை போய் வந்தவள் என்பதால் எனக்கு அந்த மரியாதை. 2018-இல் முதல் தடவை கிளம்பியபோது நானும் அதையேதான் எல்லோரிடமும் கேட்டேன். மூன்று வாரம் பெட்டியையே சுற்றிச் சுற்றி வந்தேன். வீட்டைப் பூட்ட ஒதுக்கியது கடைசி அரை மணி நேரம்.

ஆறு மாதம் கழித்து ஸ்ரீரங்கத்தில் வந்து கதவைத் திறந்தால், பாத்ரூமில் கரப்பான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுக் கதவை ஒழுங்காகச் சாத்திவிட்டுப் போயிருந்தேன். உள்ளே கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம். என் பழைய நம்பருக்குப் போன் செய்தால் யாரோ ஒரு பையன் "யாரு வேணும் ஆன்ட்டி?" என்றான். இதெல்லாம் போகட்டும், பென்ஷனுக்காக நவம்பரில் கொடுக்க வேண்டிய ஆயுள் சான்றை என் வீட்டுக்காரர் கொடுக்கவில்லை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர், நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பாங்க் வாசலில் நிற்க வேண்டியதாயிற்று.

2024 டிசம்பரில் இரண்டாவது பேத்திக்காக மறுபடி கிளம்பினோம். இந்தத் தடவை வரிசையை மாற்றினேன். முதலில் வீடு, அப்புறம் உடம்பு, அப்புறம் போன், பெட்டி கடைசி. அதைத்தான் சொல்லப் போகிறேன். நாங்கள் போனது நியூஜெர்சியில் எடிசன். வேறு ஊருக்குப் போகிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

தேதி குறிக்கும்போதே

மகளுக்கு ஜனவரி இரண்டாவது வாரம் நாள் சொல்லியிருந்தார்கள். "நவம்பர் முதல் வாரமே வாங்கம்மா" என்றாள். நான் டிசம்பர் 5 ராத்திரிக்குத்தான் போடச் சொன்னேன். ஆயுள் சான்று நவம்பரில். அதை முடித்துவிட்டுக் கிளம்பினால் ஒரு வருடத்துக்குக் கவலை இல்லை. 80 வயது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். இப்போது செல்போனில் முகத்தைக் காட்டியே கொடுக்க வழி இருக்கிறது. இவர் நாலு தடவை கண்ணைச் சிமிட்டி ஐந்தாவது தடவையில் பதிவாயிற்று. வெளிநாட்டில் இருந்துகொண்டு இதோடு மல்லுக்கட்டுவதைவிட இங்கேயே முடிப்பது மேல்.

ஐந்து மாதத்துக்குள் என்னென்ன பணம் கட்ட வேண்டி வரும் என்று காலண்டரை வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் உட்காருங்கள். சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு தடவை, அக்டோபரிலேயே கட்டினோம். மருத்துவக் காப்பீட்டின் புதுப்பிப்புத் தேதி, எல்.ஐ.சி. பிரீமியம், ஸ்கூட்டர் இன்ஷூரன்ஸ், வைப்புத்தொகை முதிரும் நாள் எல்லாம் இதில் வரும். பொங்கல் பரிசுத் தொகுப்பு மட்டும் நம் கையில் இல்லை. ரேஷன் கடைக்கு நேரில் போக ஆள் இல்லாவிட்டால் அது போனது போனதுதான்.

திரும்பும் தேதியில் பலர் குழம்புகிறார்கள். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா பத்து வருடத்துக்கு இருக்கலாம். ஆனால் அங்கே எத்தனை நாள் தங்கலாம் என்பதை முடிவு செய்வது நுழையும்போது அதிகாரி பதிவு செய்யும் ஐ-94 என்கிற தேதி. சுற்றுலா விசாவில் போகும் நம்மைப் போன்ற பெற்றோருக்குப் பெரும்பாலும் ஆறு மாதம் கொடுப்பார்கள். திரும்பும் டிக்கெட்டை அந்த ஆறு மாதத்தின் கடைசி நாளுக்குப் போடாதீர்கள். உடம்பு சரியில்லை, விமானம் ரத்து என்று ஏதாவது வந்தால் கையில் நாள் இருக்க வேண்டும். நாங்கள் மே முதல் வாரத்துக்குப் போட்டோம்.

சாவியும் நாற்பது பக்க நோட்டும்

சாவி இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். ஒன்று எதிர்வீட்டு அக்காவிடம், இன்னொன்று உறையூரில் இருக்கும் என் தம்பியிடம். கொத்தாகக் கொடுத்துவிட்டு "எல்லாம் இதுல இருக்கு" என்று சொல்வது உதவி கேட்கிற லட்சணம் இல்லை. ஒவ்வொரு சாவியிலும் காகிதம் ஒட்டி, இது கிரில் கேட், இது வாசற்கதவு, இது மொட்டை மாடி என்று எழுதினேன். எழுதிவிட்டு அக்காவை அழைத்து எல்லாப் பூட்டையும் ஒரு தடவை அவர் கையால் திறந்து பார்க்கச் சொன்னேன். எங்கள் கொல்லைக் கதவைக் கொஞ்சம் தூக்கித் திறக்க வேண்டும். நமக்குப் பழகிப்போனதால் அதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றாது.

சாவியோடு ஒரு நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில் மின் இணைப்பு எண், காஸ் நுகர்வோர் எண், வீட்டு வரி எண். அடுத்த பக்கத்தில் எலக்ட்ரீஷியன், பிளம்பர், பால்காரத் தம்பி, பேப்பர் போடும் பையன், என் தம்பி, எடிசனில் மகள், மாப்பிள்ளை எண்கள். கரண்ட் புகாருக்கு மின்னகம் 94987 94987, காஸ் கசிவுக்கு 1906. மூன்றாவது பக்கத்தில் மெயின் ஸ்விட்ச் எங்கே, எந்த ஸ்விட்ச் எந்த அறைக்கு, தண்ணீர் வால்வு எங்கே, எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்று படம் வரைந்து வைத்தேன். இவர் ஒர்க்‌ஷாப் ஆள் என்பதால் அம்புக்குறி எல்லாம் போட்டு ஜோராக வரைந்து கொடுத்தார்.

அந்த நோட்டுக்குள் 3,000 ரூபாயும் வைத்தேன். அக்கா வாங்கவே மாட்டேன் என்றார். "உங்களுக்கு இல்லக்கா, பிளம்பருக்கு" என்றதும் வாங்கிக்கொண்டார். சாவி வாங்கியவர்கள் நம் வீட்டுக்காகத் தங்கள் கைக்காசைப் போடும் நிலை வரக் கூடாது.

உள்ளூர் காவல் நிலையத்தில் வீடு பூட்டியிருக்கும் என்று எழுதிக் கொடுங்கள். முகவரி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, சாவி யாரிடம் என்பது போதும். ரோந்து வரும்போது பார்த்துக்கொள்வார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் விமான நிலையப் படம் போடும் ஆசை இருந்தால், திரும்பி வந்தபிறகு போட்டுக்கொள்ளுங்கள்.

வாசல்

நான் யாருக்குச் சொன்னாலும் முதலில் சொல்வது இதைத்தான், கேட்பவர்கள் சிரிப்பதும் இதற்குத்தான். வாசலில் கோலம் இல்லாத வீடு, ஆள் இல்லாத வீடு. பேப்பர் குவிந்தாலும் பால் பாக்கெட் கிடந்தாலும் சந்தேகம் வரும், அவற்றை நிறுத்திவிடலாம். கோலம் அப்படி இல்லை. நிறுத்தினால்தான் தெரியும். அதுவும் நாங்கள் போனது மார்கழிக்குப் பத்து நாள் முன்னால். தெருவே புள்ளிக் கோலமும் பூசணிப் பூவுமாக இருக்கும்போது ஒரே ஒரு வாசல் காய்ந்து கிடந்தால், திருடனுக்கு நாமே விலாசம் எழுதிக் கொடுத்த மாதிரி.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணிடம் பேசினேன். பாத்திரம், துணி எதுவும் இல்லை. தினமும் வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்து ஒரு சின்னக் கோலம், மாதம் ஒரு தடவை அக்கா முன்னிலையில் வீட்டைத் திறந்து கூட்டித் துடைப்பது. அதற்குப் பாதிச் சம்பளம். ஐந்து மாதம் சம்பளமில்லாமல் நிறுத்தினால் அவள் வேறு வீடு பார்க்க வேண்டியிருக்கும். திரும்பி வந்து நாம் ஆள் தேட வேண்டியிருக்கும். அந்த வகையிலும் இது லாபம்தான். கோலமாவு இரண்டு கிலோ வாங்கிக் கிரில் கேட்டுக்குப் பக்கத்தில் டப்பாவில் வைத்தேன். தெருப்பக்கக் குழாய் நேராக மாநகராட்சிக் குழாயில் இருப்பதால் தண்ணீருக்கும் கவலை இல்லை.

ராத்திரிக்கு ஒரு டைமர் வாங்கினோம். பிளக்கில் செருகி, முன் அறை பல்பு சாயங்காலம் ஆறரைக்கு எரிந்து பத்துக்கு அணையும்படி வைத்தார் இவர். அதனால் மெயினை அணைக்கவில்லை. முன் அறை தவிர மற்ற எல்லா இணைப்பையும் தனித்தனியாக அணைத்தோம். இரண்டு மாதக் கணக்கில் 100 யூனிட் வரை காசு இல்லை என்பதால் பில் பூஜ்யமாகவே வந்தது. மீட்டர் கிரில்லுக்கு உள்ளே இருக்கிறது என்றால், கணக்கெடுக்க வருபவருக்குத் திறந்துவிட ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பல், கண், ஊசி

கிளம்ப ஆறு வாரம் இருக்கும்போதே பல் டாக்டரிடம் போய்விடுங்கள். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அங்கே ஒரு பல்லுக்கு வைத்தியம் பார்க்கும் செலவில் இங்கே வாய் முழுக்கக் கட்டிவிடலாம், பயணக் காப்பீட்டிலும் பல்லுக்கு அனேகமாக ஒன்றும் கிடைக்காது. இவருக்குக் கடைவாயில் ஒரு சொத்தை. அடைக்க மூன்று தடவை போக வேண்டியிருந்தது. கடைசி வாரத்துக்கு வைத்திருந்தால் நடந்திருக்காது. கண்ணாடி இரண்டாவது ஜோடி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

பிரசவத்துக்குப் போகிறவர்கள் ஊசியை மறக்கக் கூடாது. பச்சைக் குழந்தையைத் தூக்கப் போகும் தாத்தா பாட்டி கக்குவான் இருமலுக்கான டீடாப் ஊசி போட்டிருக்க வேண்டும், குழந்தையைப் பார்ப்பதற்கு இரண்டு வாரம் முன்பாவது போட்டிருக்க வேண்டும் என்று அங்குள்ள மருத்துவர்கள் சொல்கிறார்கள். குளிர்காலம் என்றால் ஃப்ளூ ஊசியும். இரண்டும் திருச்சியிலேயே கிடைத்தது. 2018-இல் எனக்கு இது தெரியாது. அங்கே போனபிறகு மாப்பிள்ளை அலைந்தார்.

மாத்திரை விஷயம் கொஞ்சம் நிதானமாகச் செய்ய வேண்டியது. இவருக்குச் சர்க்கரை, எனக்கு ரத்த அழுத்தம். டாக்டரிடம் லெட்டர்ஹெட்டில் இங்கிலீஷில் ஒரு கடிதம் வாங்கினோம்: நோயின் பெயர், மருந்தின் கம்பெனிப் பெயர் இல்லாமல் மூலப்பெயர், அளவு, ஒரு நாளைக்கு எத்தனை. மூலப்பெயரிலும் சில சமயம் வித்தியாசம் உண்டு, இங்கே நாம் பாராசிட்டமால் என்பதை அங்கே அசிட்டமினோஃபென் என்கிறார்கள். ஆனால் கம்பெனிப் பெயரைச் சொன்னால் அங்கே யாருக்குமே புரியாது, அதனால்தான் மூலப்பெயர். மாத்திரையைப் பிரித்து டப்பாவில் கொட்டாமல் அட்டையோடு, பில்லோடு எடுத்துப் போங்கள். சொந்த உபயோகத்துக்கு 90 நாள் அளவு என்பது அங்கே பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதற்கு மேல் தங்குகிறவர்கள் மீதியை இங்கிருந்து டாக்டர் கடித நகலோடு அனுப்பச் சொல்லலாம். என் தம்பியிடம் அதற்கென்று ஒரு நகல் கொடுத்து வைத்தேன். எல்லா மாத்திரையும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெட்டி தொலைந்தால் புடவை வாங்கிக்கொள்ளலாம், மாத்திரை அப்படி இல்லை.

காப்பீடு எடுக்கும்போது விலையைப் பார்க்காதீர்கள், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள். பெரும்பாலான திட்டங்களில் பழைய நோய்க்கு ஒன்றுமே இருக்காது. சிலவற்றில் அது திடீரென்று முற்றினால் மட்டும் ஒரு வரம்பு வரை தருவார்கள். அந்த ஒரு பத்தியை மகளைப் படித்துச் சொல்லச் சொன்னேன்.

அந்தப் போன் நம்பர்

என் நம்பர் போன கதையைச் சொன்னேன். 90 நாள் ஒரு நம்பரை உபயோகிக்காமலும் கணக்கில் காசு இல்லாமலும் விட்டால் அது வேறு யாருக்கோ போய்விடலாம். நம்பர் போனால் பாங்க் ஓ.டி.பி. போச்சு, ஆதார் ஓ.டி.பி. போச்சு. இந்தத் தடவை இரண்டு நம்பருக்கும் ஒரு வருடத் திட்டமாகப் போட்டோம். வெளிநாட்டு ரோமிங்கை இங்கே இருக்கும்போதே திறந்து வைத்து, மொபைல் டேட்டாவை மட்டும் அணைத்துவிட்டோம். ரோமிங்கில் குறுஞ்செய்தி வருவதற்குப் பெரும்பாலும் காசு பிடிப்பதில்லை, அழைப்பை எடுத்தால்தான் பிடிப்பார்கள். அங்கிருந்தபடி வங்கி ஓ.டி.பி. ஒழுங்காக வந்தது. போனில் சிம் மாற்றும் ஊசி ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். நான் கம்மலின் தண்டை வைத்துக் குத்திக்கொண்டிருந்தேன்.

அடுப்படியைக் காலி செய்வது

கடைசிப் பதினைந்து நாள் புதிதாக மளிகை வாங்காதீர்கள். இருப்பதை வைத்துச் சமையுங்கள். இது சொல்ல சுலபம். பத்தாவது நாளில் எங்கள் வீட்டில் பாசிப்பருப்பு ஏகமாக இருந்தது, துவரம்பருப்பு இல்லை. மூன்று நாள் தொடர்ந்து பொங்கல், பயத்தம்பருப்பு சாம்பார், மறுபடி பொங்கல். "நான் இப்பவே ஃபிளைட் ஏறிடறேன்" என்றார் இவர்.

மிச்சம் இருப்பதில் ரவை, மைதா, உடைத்த கடலை இதையெல்லாம் கொடுத்துவிடுங்கள், வண்டு வைக்கும். கல்லுப்பும் புளியும் பீங்கான் ஜாடியில் அப்படியே இருக்கும். மிளகாய் வற்றலை வெயிலில் காய வைத்து இறுக மூடி வைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. அரிசி ஐந்து கிலோ மீந்தது. வசம்பு போட்டு வைக்கலாம் என்றார்கள், நான் கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்துவிட்டேன். தோசை மாவு கடைசி நாலு நாள் அரைக்கக் கூடாது. கிரைண்டரைக் கழுவி, கல்லை வெளியே எடுத்து, ஒரு நாள் முழுக்கக் காற்றாட விட்டுத்தான் மூட வேண்டும்.

ஃபிரிட்ஜைக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே காலி செய்து, அணைத்து, சமையல் சோடா கலந்த தண்ணீரில் துடைத்து, கதவு சாத்தாமலிருக்க ஒரு துண்டை மடித்து இடுக்கில் கட்டினேன். உள்ளே ஒரு கிண்ணத்தில் காப்பித்தூள். வந்து திறந்தபோது காப்பி வாசனைதான் வந்தது.

கரப்பானுக்குக் காரணம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பாத்ரூம் தரையில் ஜல்லடைக்குக் கீழே ஒரு கிண்ணம் மாதிரி வளைவில் எப்போதும் தண்ணீர் நிற்கும். சாக்கடை நாற்றத்தையும் பூச்சியையும் மறிப்பது அந்தத் தண்ணீர்தான். புழங்காவிட்டால் சில வாரத்தில் வற்றிவிடும், வழி திறந்துவிடும். கிளம்பும் அன்று ஒவ்வொரு ஜல்லடையிலும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டேன். எண்ணெய்ப் படலம் இருந்தால் தண்ணீர் சீக்கிரம் வற்றாது. மாதம் ஒரு தடவை கூட்ட வரும்போது மறுபடி தண்ணீர் ஊற்றச் சொன்னேன். சமையலறைத் தொட்டிக்கும் அப்படியே. மொட்டை மாடித் தொட்டியைக் காலி செய்து மூடியைக் கயிறு போட்டுக் கட்டினோம், கொசு முட்டையிடும் என்பதால்.

காஸ் ரெகுலேட்டரை அணைத்தால் மட்டும் போதாது. கழற்றி, சிலிண்டருக்கு மூடி போட்டுவிடுங்கள். இன்வர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் விட்டு முழுக்கச் சார்ஜ் ஏற்றி அணைத்தோம். மாதாமாதம் வரும்போது ஒரு பகல் போட்டுவைக்கத் தம்பிக்குச் சொன்னோம். பட்டுப்புடவையைப் பிளாஸ்டிக் பையில் வைக்காமல் பழைய வேட்டியில் சுற்றி வைத்தேன், நகை லாக்கருக்குப் போயிற்று. துளசித் தொட்டி அக்கா வீட்டுக்கு. தினம் மத்தியானம் கொல்லைப் பக்கம் வரும் பூனைக்குத்தான் எந்த ஏற்பாடும் செய்ய முடியவில்லை. பதினைந்து நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்த்தேன். அது கத்தலைத்தான் கூட்டியது.

சரி, பெட்டி

எங்கள் டிக்கெட்டில் ஆளுக்கு 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி. நீளம், அகலம், உயரம் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 22 கிலோவில் நிறுத்திவிடுங்கள், வீட்டுத் தராசும் விமான நிலையத் தராசும் ஒத்துப்போவதில்லை. என் துணியில் பாதி இவர் பெட்டியில், இவர் துணியில் பாதி என் பெட்டியில். ஒன்று வராவிட்டாலும் இரண்டு பேருக்கும் மாற்றுத்துணி இருக்கும்.

2018-இல் மூன்று கிலோ இரும்புத் தோசைக்கல்லைச் சுமந்துகொண்டு போனேன். மகள் வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருந்தது. எடிசனில் ஓக் ட்ரீ ரோடு என்று ஒன்று இருக்கிறது. பருப்பு, முருங்கைக்காய், கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும். விலைதான் நம்மைக் கணக்குப் போட வைக்கும், நாளடைவில் போடுவதை நிறுத்திவிடுவோம். அதனால் கடையில் கிடைக்காததை மட்டும் கொண்டு போனேன். பிரசவ லேகியத்துக்குச் சுக்கு, கண்டந்திப்பிலி, ஓமம், சதகுப்பை எல்லாம் வறுத்து இடித்த பொடி. சுண்டைக்காயும் மணத்தக்காளியும் போட்ட அங்காயப் பொடி. ஆவக்காய், புளிக்காய்ச்சல், கூழ் வடாம். பிறகு துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டி ஆறு, தூளிக்கு ஒரு நூல் சேலை. இந்த வேட்டி மாதிரி துணி எந்தக் கடையிலும் கிடைக்காது, குழந்தைக்கு அவ்வளவு சுகம். உரை மருந்துக் கட்டையை மகள் வேண்டாம் என்றாள். ஒரு வயது வரை தேனும் தொடக் கூடாது என்று குழந்தை டாக்டர் கண்டிப்பாகச் சொல்வாராம். சரி என்று விட்டுவிட்டேன். அவள் பிள்ளை, அவள் ஊர் டாக்டர்.

எடுத்துப் போகக் கூடாதது: பச்சைக் கறிவேப்பிலை (அது எலுமிச்சைக் குடும்பம், அதில் வரும் பூச்சி அங்கே ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் என்று பயம்), பழம், காய், விதை, கறி வகை. அரிசியும் கொண்டைக்கடலையும் நம் நாட்டிலிருந்து பயணப் பெட்டியில் கூடாது. தானியத்தைத் தின்னும் ஒரு வண்டுக்காக 2021-இல் தடை போட்டார்கள். கொப்பரைத் தேங்காயை விமானத்திலேயே ஏற்ற விடமாட்டார்கள், எண்ணெய் மிகுதியால் தீப்பிடிக்கும் பொருளாகக் கணக்கு. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பொடி வகை மொத்தமும் பெரிய பெட்டியில்; 350 மில்லி அளவுக்கு மேல் கைப்பையில் பொடி இருந்தால் நிறுத்திப் பார்ப்பார்கள்.

சாப்பாட்டுச் சாமான் இருக்கிறதா என்று கேட்டால் "இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் அதிகபட்சம் பிரித்துப் பார்ப்பார்கள், ஒன்றிரண்டை எடுத்துப் போடுவார்கள். இல்லை என்று சொல்லி அகப்பட்டால் அபராதம். என்னென்ன இருக்கிறது என்று இங்கிலீஷில் எழுதிய சீட்டு ஒன்றை மகள் அனுப்பியிருந்தாள், அதைக் காட்டினேன். அபுதாபி வழியாகப் போனதால் அமெரிக்க அதிகாரிகளின் சோதனை அங்கேயே முடிந்துவிட்டது. அந்த வழியாகப் போகிறவர்கள் இடையில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் டிக்கெட் போடுங்கள், வரிசை நீளம்.

குளிருக்குக் கோட்டு இங்கே வாங்காதீர்கள். திருச்சியில் கிடைப்பது ஊட்டிக் குளிருக்குத்தான் தாங்கும். உள்ளே போடும் தெர்மல் இரண்டு ஜோடி, கம்பளிக் காலுறை, ஒரு குரங்குக் குல்லா போதும். மற்றது அங்கே மாப்பிள்ளை வாங்கி வைத்திருப்பார்.

மழையும் சூலமும்

ஐப்பசி, கார்த்திகையில் சென்னையிலிருந்து விமானம் என்றால், அன்றைக்குக் காலை ரயிலேறிப் போய்ப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாளில் விழுப்புரம் பக்கம் ரயில் பாலத்தில் வெள்ளம் ஏறி, சென்னை ரயில்கள் பலவற்றை ரத்து செய்தார்கள். எங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. நல்லவேளை, நாங்கள் 4-ஆம் தேதி புதன்கிழமை காலை கிளம்பி, தாம்பரத்தில் நாத்தனார் வீட்டில் ஒரு ராத்திரி தங்குவதாக இருந்தோம். அதற்குள் தண்டவாளம் சரியாகிவிட்டது.

புதன்கிழமை வடக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் கூடாது என்பார்கள். திருச்சியிலிருந்து சென்னை வடக்கு, அங்கிருந்து அமெரிக்கா மேற்கு, எதைப் பார்ப்பது? எதிர்வீட்டு அக்காதான் பஞ்சாங்கத்தைப் பார்த்து, திங்கட்கிழமை நல்ல நேரத்திலேயே ஒரு பெட்டியைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பரஸ்தானம் வைத்துக்கொண்டார். அன்றைக்கே நாங்கள் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. வடக்குச் சூலத்துக்குப் பரிகாரம் பால். எங்கள் வீட்டில்தான் பாலை நிறுத்தியாயிற்றே, அதையும் அவரே ஒரு டம்ளரில் கொண்டுவந்தார். இதில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் ஒன்று சொல்வேன்: ஒரு பெட்டி முன்கூட்டியே வீட்டை விட்டுப் போய்விட்டால் அதில் கடைசி நிமிஷத்தில் எதையும் திணிக்க முடியாது.

கிளம்பும் காலையில் செய்ய வேண்டியதை நானே நம்புவதில்லை, எழுதிக் கதவில் ஒட்டியிருந்தேன். காஸ், தண்ணீர் வால்வு, ஜல்லடை எண்ணெய், ஃபிரிட்ஜ் துண்டு, டைமர், கொல்லைத் தாழ்ப்பாள், சாமி விளக்கு அணைந்ததா. ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். நடு ஆகாயத்தில் "காஸை மூடினோமா?" என்று இவர் கேட்டபோது படத்தைக் காட்டினேன், தூங்கிவிட்டார்.

மார்கழி முதல் நாள் அங்கே ராத்திரி, இங்கே விடிந்திருந்தது. அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம். எங்கள் வாசலில் புள்ளிக் கோலம், நடுவில் சாணத்தில் செருகிய பூசணிப் பூ. பெரிதாக்கிப் பார்த்தேன். வலது ஓரத்தில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. ஒன்றும் சொல்லாமல் ஒரு கும்பிடு மட்டும் அனுப்பினேன்.